ஈரலுக்குக் காவல்

பாறசாலை
6 மே 2024

அன்புள்ள ரேஷ்மி மக்களே,

முதலில் உன் சண்டையைத் தீர்க்கிறேன். ஒரு மாதமாக நந்தனா கடிதம் போடவில்லை என்று போனில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாயே, அதற்குக் காரணம் உண்டு. அங்கன்வாடியில் எனக்குத் துணைக்கு இருந்த அக்கா லீவில் போய்விட்டார். பதினெட்டுப் பிள்ளைகளும் நானும்தான். வீட்டுக்கு வந்தால் பேனா பிடிக்கக் கையில்லை. போன் எல்லாருக்கும், கடிதம் நமக்கு மட்டும் என்று நீ டெல்லிக்குப் போன அன்றைக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை. இந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் என்னை விட்டால் உன் அம்மா, என் மாமி மட்டும்தான். மாமியும் வேதபுத்தகத்தைத் தவிர வேறொன்றும் படிக்க மாட்டார்கள். உன் அண்ணனுக்கு மலையாளம்தான் எழுத வரும். ஆகவே தைரியமாக எல்லாரையும் குற்றம் சொல்லலாம்.

இப்போது செய்தி. ஈஸ்டர் கழிந்து அமரவிளையில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம் என்று சொன்னேனே. வாசலிலேயே எல்லாருக்கும் ஒரு வெல்கம் டிரிங்க் கொடுத்தார்கள். எனக்கு அந்தக் கலரே பிடிக்கவில்லை, குடிக்கவில்லை. உன் அண்ணன் ரெண்டு கிளாஸ் குடித்தார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், குடித்தவர்களில் பத்துப் பேருக்கு மஞ்சள்காமாலை! போன புதன்கிழமை உன் அண்ணனுக்கும் கண் மஞ்சளித்துவிட்டது. டைல்ஸ் வேலைக்குப் போனவர் பாதியில் திரும்பி வந்து படுத்துவிட்டார்.

பயப்படாதே. மறுநாளே திருப்புறத்துக்கு, வேதமாணிக்கம் மாமாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். என் அம்மாவின் அண்ணன்தான், உனக்குத் தெரியுமே. அவர் வழக்கமும் தெரியும். மூன்று நாள் காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லி அரைத்து ஆட்டுப்பாலில் கொடுப்பார். ஒரு வெற்றிலைகூட யாரிடமும் வாங்க மாட்டார். முதல் நாளில் தொடங்கி நாற்பத்தொரு நாள் பத்தியம். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, வேறு மருந்து தொடக்கூடாது. அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் மாமாவிடம்தான் போனார்கள்.

மருந்து கொடுக்கும் முன்னால் மாமா கேட்டார்: "வேற ஏதாம் மருந்தும் குடிக்கியா மக்கா? உள்ளதைச் சொல்லணும்." உன் அண்ணன், "ஒண்ணும் இல்ல மாமா. ஈரலுக்கு உள்ள வைட்டமின் ஒண்ணு ரேஷ்மி அனுப்பித் தருவா, அதுதான்" என்றார். "அப்போ அதை நிப்பாட்டு. பத்தியம் முடிஞ்சு பாப்பம்" என்றார் மாமா.

நீ மாதாமாதம் அனுப்பும் வெள்ளை டப்பாவை அலமாரியில் என் கல்யாணப் புடவைக்கு அடியில் எடுத்து வைத்துவிட்டேன். அதன் மேல் நீ ஒட்டியிருக்கிற தாளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு. 'ஈரலுக்குக் காவல். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று.' ஏழாம் வகுப்பில் எழுதிய அதே குண்டு எழுத்து! அண்ணனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று தெரிந்தும் தமிழில் எழுதி ஒட்டுகிறாயே, அது எனக்காகத்தானே?

நீ நர்ஸ். நான் செய்தது சரியா என்று ஒரு வரி எழுது. தப்பென்றால் எழுத்துக்குக் காத்திராமல் போன் பண்ணு. உன் வீட்டுக்காரர் அஜேஷ் அண்ணனுக்கு என் அன்பு. நம் அக்ஸா மோள் அத்தையைக் கேட்டாள் என்று சொல்லச் சொன்னாள்.

உன்,
நந்தனா


புது டெல்லி
14 மே 2024

என் செல்ல மைனிக்கு,

மைனி என்று எழுதினால் உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். ஒரே பெஞ்சில் இருந்து பொரிகடலை தின்றவளை மைனி என்று கூப்பிட எனக்கும் வாய் வராது. ஆனாலும் என் அண்ணனைக் கட்டிக்கொண்டாய், அனுபவி.

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. இங்கே வெயில் நாற்பத்தைந்து. வார்டில் ஏசி ஓடவில்லை. அஜேஷுக்கு மெட்ரோவில் இரவு ஷிப்ட், வீட்டில் பகல் முழுதும் தூக்கம். நாங்கள் ரெண்டு பேரும் பார்த்துக்கொள்வதே ஞாயிற்றுக்கிழமைதான்.

அண்ணனிடம் போனில் பேசிவிட்டேன். நீ கவலைப்படாதே. மாமாவுடைய மருந்து நடக்கட்டும், அவர் மனத்தைக் கெடுக்க வேண்டாம். ஆனால் நந்தூ, அந்த வெள்ளை டப்பா மாத்திரையை மட்டும் நிறுத்தாதே. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, தின்று பழகிய உடம்பு, அவ்வளவுதான். ஈரலுக்குக் காவல் என்றுதானே எழுதியிருக்கிறேன். காலையில் ஒன்று எடுத்துக் கொடுத்துவிடு. மாமாவிடம் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவிடமும் வேண்டாம், அது வேறு ஒரு பஞ்சாயத்து ஆகும்.

அக்ஸாவுக்கு ஒரு கவுன் வாங்கி வைத்திருக்கிறேன். சாந்தா சேச்சி இங்கிருந்து ஊருக்கு வரும்போது கொடுத்து விடுகிறேன்.

என்றும் உன்,
ரேஷ்மி


பாறசாலை
25 மே 2024

ரேஷ்மி மக்களே,

நல்ல செய்தி! உன் அண்ணனுக்குக் கண் வெளுத்துவிட்டது. நேற்று முற்றத்தில் வெளிச்சத்தில் நிறுத்தி இமையைப் பிடித்துப் பார்த்தேன். மஞ்சள் ஒரு பொட்டு இல்லை. அந்தப் பத்துப் பேருக்கும் சுகமாகிவிட்டது. மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை, திருப்புறத்தில் இப்போது அவர்தான் டாக்டர்.

நீ அந்த மாத்திரையைக் கொடுக்கச் சொன்னாய். நான் யோசித்துப் பார்த்தேன். நீ கொடுப்பதும் ஈரலுக்குக் காவல், மாமா கொடுப்பதும் ஈரலுக்குக் காவல். ஒரு வாசலுக்கு ரெண்டு காவல்காரன் எதற்கு? மாமா முகத்தைப் பார்த்து வாக்குக் கொடுத்துவிட்டு ஒளித்துக் கொடுக்கவும் எனக்கு மனசில்லை. உன் அண்ணனிடமும் கேட்டேன். "வேண்டாம், பத்தியம் முடியட்டு" என்றார். ஜூன் பதினொன்றாம் தேதி நாற்பத்தொன்று முடிகிறது. அன்றைக்கு நெய்மீன் வாங்கிக் கறி வைத்து, மறுநாள் காலையில் உன் டப்பாவைத் திறக்கிறேன். போதுமா?

மாமி ஒரு நாளைக்கு நாலு தடவை ஜெபம். உப்பில்லாத கஞ்சியைக் கண்டு முகம் சுளிப்பது உன் அண்ணனுக்கு வழக்கமாகிவிட்டது. மற்றபடி நாங்கள் எல்லாரும் சுகம்.

உன்,
நந்தனா


திருவனந்தபுரம், ஆஸ்பத்திரி
3 ஜூலை 2024

ரேஷ்மிக்கு,

உன் போன் எதையும் நான் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். போனில் நீ அழுவாய், நீ அழுதால் நான் சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் நீ என் வாயை அடைக்க முடியாது.

உன் அண்ணன் விழுந்த கதை உன் அம்மா சொல்லி உனக்குத் தெரியும். நான் சொல்லாத கதையைச் சொல்கிறேன், கேள்.

பத்தியம் முடிந்த மறுநாள், நான் சொன்னபடியே டப்பாவைத் திறந்து கொடுத்தேன். அதற்குள் அவருக்கு மறுபடியும் சோறு செல்லவில்லை. ஒரு வாரத்தில் வயிறு வீங்கியது. கண் முன்னைவிட மஞ்சள். ஜூன் பத்தொன்பதாம் தேதி காலையில் என்னைப் பார்த்து "நீங்க ஆரு?" என்று கேட்டார். ஆறு வருஷம் கூட வாழ்ந்தவளைப் பார்த்து, ரேஷ்மி. ஆம்புலன்சில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இங்கே ஒரு லேடி டாக்டர். ரத்தம் பார்த்த மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஹெபடைட்டிஸ் பி எத்ர வர்ஷமாயி உண்டு?" என்று கேட்டார். எத்தனை வருஷமாம்! நான் விழித்தேன். "மருந்நு கழிச்சிருந்நோ?" என்றார். மருந்து சாப்பிட்டாரா என்று கேட்டதும் பையில் இருந்த வெள்ளை டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். கம்பெனித் தாள் சுரண்டியிருப்பதைப் பார்த்தார். உன் குண்டு எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஈரலுக்குக் காவல் என்று எழுதியிருக்கிறது என்று மலையாளத்தில் சொன்னேன். டாக்டர் டப்பாவைத் திறந்தார். ஒரு மாத்திரையை எடுத்து அதன் மேல் இருந்த எழுத்தைப் பார்த்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

கல்யாண ஜூஸில் வந்தது வேறு மஞ்சளாம். அது பச்சைமருந்து குடித்தாலும் குடிக்காவிட்டாலும் தானாகப் போகிற வகை. அந்தப் பத்துப் பேரும் அப்படித்தான் தப்பித்தார்கள். உன் அண்ணன் ரத்தத்தில் இருப்பது வருஷக்கணக்காக உள்ளே குடியிருக்கிற வேறொரு கிருமி. டப்பாவில் இருந்தது வைட்டமினும் இல்லை, டானிக்கும் இல்லை, அந்தக் கிருமியை அடக்கி வைக்கிற மருந்து. கடையில் ஈரலைக் காக்கும் என்று விற்கிற மாத்திரைகள் எதுவும் அதற்குப் பதிலாகாது. டாக்டர் சொல்லாமல் ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் அடங்கிக் கிடந்தது எல்லாம் ஒன்றாக எழும்பும். போதாததற்கு, நொந்த ஈரலின் மேல் பச்சைமருந்தை வேறு ஊற்றியிருக்கிறோம்.

ஆறு வாரம் நிறுத்தியது யார்? நான். என் கையால் எடுத்து, என் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்து, நிறுத்தினேன்.

உன் அண்ணனுக்குக் கொஞ்சம் தெளிந்த பிறகு கேட்டேன், எனக்கு ஏன் சொல்லவில்லை என்று. "ஒண்ணர மாசம் தானே, ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்" என்றார். டப்பாவை நான் எடுத்து வைக்கும்போது பார்த்துக்கொண்டு படுத்திருந்த மனுஷன். உயிரே போனாலும் பெண்டாட்டிக்குத் தெரியக்கூடாது என்று ஒரு வைராக்கியம்! பிறகு, "ரேஷ்மிக்குத் தெரியும்" என்றார். "அவதான் ஆரிட்டயும் சொல்லண்டாம்னா."

உன் அம்மா என்ன செய்தார்கள் தெரியுமா? திருப்புறத்துக்குப் போய், மாமா வீட்டு வாசலில், ரோட்டில் நின்று, "எனக்க மகனுக்கு விஷம் குடுத்தியே வேதமாணிக்கம்! மருமவளும் மாமனுமா சேர்ந்து கொல்லப் பாத்தியளே!" என்று நெஞ்சில் அடித்தார்கள். சர்ச்சிலும் அதே பேச்சு. என் அங்கன்வாடிக்கு ரெண்டு பேர் பிள்ளையை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். மாமா தூக்குவாளியில் கஞ்சியோடு இங்கே வந்து வராந்தாவில் நின்றார். மாமி திரும்பியே பார்க்கவில்லை.

அவருடைய மருந்தும் தப்புத்தான் என்று டாக்டர் சொன்னதை நான் மாமாவிடம் மறைக்கவில்லை. "அப்போ எனக்கும் இதுல பங்கு உண்டு மக்கா" என்றார். இனி யார் வந்தாலும் முதலில் ரத்தம் பார்த்துவிட்டு வா என்று அனுப்புகிறாராம். அந்த மனுஷனுக்கு இருக்கிற நேர்மை நம் வீட்டில் யாருக்கும் இல்லை.

என் கேள்வி ஒன்றுதான். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே உனக்குத் தெரியுமா?

நந்தனா


புது டெல்லி
13 ஜூலை 2024

என் நந்தூ,

உன் கடிதத்தைப் பாத்ரூமில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீ கேட்டதற்குப் பதில்: தெரியும்.

எல்லாவற்றையும் எழுதுகிறேன். பிறகு நீ என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடு.

நான் குவைத் போகாமல் டெல்லிக்கு வந்ததற்குக் காரணம், வெளிநாடு பிடிக்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேனே, அது பொய். ஊரில் இருக்கும்போதே விசாவுக்கான மெடிக்கல் டெஸ்டில் தோற்றுவிட்டேன். என் ரத்தத்திலும் அது இருக்கிறது. அன்றைக்கே அண்ணனையும் கூட்டிப் போய்ப் பார்த்தேன். எனக்கு அடங்கிக் கிடக்கிறது, மருந்து வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அண்ணனுக்கு ஈரலைத் தொட்டுவிட்டது, மருந்து வேண்டும் என்றார்கள். ரெண்டு பேருக்கும் எப்படி வந்திருக்கும் என்று உனக்கே புரியும். அம்மா எங்களைப் பெற்றபோது வந்ததாகத்தான் இருக்கும். அம்மாவுக்கு அது தெரியாது.

பாறசாலையில் எந்தக் கடையில் அந்த மருந்தை வாங்கினாலும் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால்தான் நான் இங்கே வாங்கி, தாளைச் சுரண்டி, வேறு தாள் ஒட்டி அனுப்பினேன். நாளாக நாளாக அது வெறும் ஈரல் மாத்திரை என்று அண்ணனே நம்பத் தொடங்கிவிட்டான் என்று நினைக்கிறேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் நீ அவனைக் கட்டியிருக்க மாட்டாய். உன் வீட்டில் விட்டிருக்க மாட்டார்கள். எனக்கு உன்னைவிட நல்ல பெண் அவனுக்குக் கிடைக்காது என்று தெரியும். உன்னைப் பிரியாமல் இருக்கலாம் என்ற ஆசையும் இருந்தது. தட்டில், கிளாஸில், கட்டிப் பிடித்தால் எல்லாம் அது ஒட்டாது. ரத்தத்திலும் தாம்பத்தியத்திலும்தான் ஒட்டும். உனக்கு ஒன்றும் வராது என்று எனக்கு நிச்சயம் இருந்தது.

மே மாதம் உன் கடிதம் வந்த அன்றே அண்ணனைப் போனில் பிடித்து உலுக்கினேன். டப்பாவை எடுத்துத் தின்கிறேன் என்று சத்தியம் செய்தான். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. நீ கொடுக்கவில்லை என்று உன் அடுத்த கடிதத்தில் படித்தபோதும், அவன் ஒளித்துத் தின்கிறான் என்றே நினைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் நான் உனக்கு ஒரு போன் பண்ணியிருக்க வேண்டும். கையில் போனை எடுத்தேன், நந்தூ. எண்ணை அழுத்தவில்லை.

இப்போது ஒரு கெஞ்சல். அம்மாவிடம் சொல்லாதே. ரெண்டு பிள்ளைகளுக்கும் தன் ரத்தத்தில் இருந்துதான் வந்தது என்று தெரிந்தால் அம்மா தாங்க மாட்டாள். அஜேஷுக்கும் தெரியாது. அவருக்கு ஒன்றும் வராதபடி வேண்டியதைச் செய்திருக்கிறேன். ஊர் பேசுவது நாலு மாதம், பிறகு வேறு கதை கிடைக்கும். அதுவரை நீ பொறுத்துக்கொள். உன்னால் முடியும். நீ எப்போதும் என்னைவிடக் கெட்டி.

உன்,
ரேஷ்மி


பாறசாலை
24 ஜூலை 2024

ரேஷ்மிக்கு,

உன் அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். பிழைத்துக்கொண்டார். ஈரலில் தழும்பு விழுந்துவிட்டது, அது இனி மாறாது என்றார்கள். மருந்து ஆயுசு முழுக்க. நான் பக்கத்தில் நின்று கொடுக்கிறேன். ராத்திரி சாப்பிட்டது செரித்த பிறகு, காலையில் வெறும் வயிற்றில், பிறகு ரெண்டு மணி நேரம் கழித்துத்தான் தோசை. எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

நீ எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்று எழுதினாய். ஒன்றை விட்டுவிட்டாய்.

எனக்கும் அக்ஸாவுக்கும் ரத்தம் பார்த்தார்கள். முடிவு வரும்வரை அந்த நாலு நாளும் நான் பிள்ளையைத் தொடவே பயந்தேன். அவளுக்குப் பிறந்த அன்றே ஊசி போட்டிருக்கிறது, ஒன்றும் இல்லை. எனக்கும் ஒன்றும் இல்லை. டாக்டர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "நீங்கள் முன்பே இதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறீர்கள். நல்ல வேளை." நான் போடவே இல்லை என்றேன். "ரத்தம் பொய் சொல்லாது, மூன்று டோஸும் போட்டிருப்பீர்கள்" என்றார்.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கும்போது ஞாபகம் வந்தது. கல்யாணம் நிச்சயித்த வாரம், நீ நெய்யாற்றின்கரையில் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப் போனாய். "எட்டி, நீ வெளுத்துப் போய் இருக்க. ரத்தம் ஊறதுக்கு ஒரு ஊசி உண்டு, கல்யாணப் பெண்ணுக்கு நல்லதாக்கும்" என்று நீயே போட்டாய். அடுத்த மாதம் ஒன்று. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஒன்று. மூன்றாவது ஊசிக்கு நான் கை வலிக்கிறது என்று முரண்டு பிடித்தேன். நீ சர்பத் வாங்கித் தந்து சமாதானம் செய்தாய்.

ஆறு மாதம், ரேஷ்மி! நான் புடவை எடுக்கவும் மோதிரத்துக்கு அளவு கொடுக்கவும் உன்னோடுதான் அலைந்தேன். அந்த ஆறு மாதமும் உன் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் இருந்தது, நீ விழுங்கிக்கொண்டே இருந்தாய். மறந்துவிட்டாய் என்றால் மன்னிப்பேன். பயந்துவிட்டாய் என்றாலும் மன்னிப்பேன். நீ தேதி குறித்துக் காத்திருந்து ஊசி போட்டிருக்கிறாய். என் உடம்பைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது. என்னிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

நான் அவரைக் கட்டியிருக்க மாட்டேன் என்று நீயே முடிவு செய்தாயே, கேட்டுப் பார்த்தாயா? மருந்து உண்டு, ஊசி உண்டு, சேர்ந்து வாழலாம் என்று நீ விளக்கியிருந்தால் நான் கட்டியிருப்பேனோ என்னவோ. அது எனக்கே இப்போது தெரியவில்லை. அதை நான் இனி ஒருநாளும் தெரிந்துகொள்ள முடியாது.

ஊரில் எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி என்றைக்கு என்று வீடு வீடாகப் போய்ச் சொல்கிறவள் நான். அந்த நோட்டில் பிறந்த பிள்ளைக்கு முதல் வரியே இந்த ஊசிதான். இதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பொறுத்துக்கொள் என்று எழுதியிருக்கிறாய். நான் பொறுத்துக்கொள்வேன். மாமா எதற்குப் பொறுக்க வேண்டும்? அவர் கேட்ட கேள்விக்கு உன் அண்ணன் பொய் சொன்னார். அந்தப் பொய் நீ எழுதிக் கொடுத்தது. மாமா இப்போது சர்ச்சுக்குப் போவதில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுது, தமிழில், உன் கையால். உள்ளதை எழுது. ஒரு மாதம் தருகிறேன். நீ எழுதினால் நான் எல்லாவற்றையும் மறக்கப் பார்க்கிறேன். மறப்பேன் என்று சொல்லவில்லை, பார்க்கிறேன்.

நந்தனா


புது டெல்லி
19 ஆகஸ்ட் 2024

அன்பு நந்தூ,

டியூட்டிக்கு ஓடுகிற அவசரத்தில் எழுதுகிறேன், சின்னதாக இருப்பதற்குக் கோபிக்காதே. சாந்தா சேச்சி ஊருக்கு வருகிறார், அவரிடம் மூன்று மாத மாத்திரை கொடுத்து விடுகிறேன். அக்ஸாவின் கவுனும் இருக்கிறது.

அம்மாவுக்கு எழுத உட்கார்ந்தேன். நாலு தடவை கிழித்துப் போட்டேன். கிறிஸ்மஸுக்கு வரும்போது நேரில் சொல்கிறேன், அதுதான் நல்லது. அந்த ஊசி விஷயத்தில் நீ என்னைத் தப்பாக நினைக்கிறாய். உன் நன்மையை நினைத்துத்தான் செய்தேன். வேறு எந்த நாத்தனார் செய்வாள் சொல்லு?

என்றும் உன்,
ரேஷ்மி


பாறசாலை
30 ஆகஸ்ட் 2024

ரேஷ்மிக்கு,

சாந்தா சேச்சி பொதியைத் தந்துவிட்டுப் போனார். கவுன் அக்ஸாவுக்குச் சரியாக இருக்கிறது.

அடியில் மூன்று வெள்ளை டப்பா இருந்தது. எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் கம்பெனித் தாளைச் சுரண்டியிருக்கிறாய். மூன்றிலும் புதுத் தாள் ஒட்டியிருக்கிறாய். 'ஈரலுக்குக் காவல். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று.' இத்தனை நடந்த பிறகும்!

அதைப் பார்க்கிறவரை நீ அம்மாவுக்கு எழுதப்போகும் கடிதத்தை நான் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கிறிஸ்மஸ் வரைகூட இருந்திருப்பேன். அந்தத் தாளைப் பார்த்ததும், நீ எழுத மாட்டாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன் அண்ணனிடம் போய், "நீங்க சொல்லுதீயளா, நான் சொல்லட்டா?" என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஜூலை மாதம் நீ எழுதிய கடிதத்தைக் கொண்டுபோய் மாமியின் கையில் கொடுத்தேன்.

ஆமாம், எனக்கு மட்டும் என்று நீ எழுதியதை இன்னொருவருக்குக் கொடுத்தேன். இது துரோகம்தான். நான் மறுக்கவில்லை.

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வேதபுத்தகம் படிப்பதுபோல வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார்கள். முடிய அரை மணி நேரம் ஆனது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விழுந்துவிடுவார்களோ என்று எனக்கும் பயம்தான். கண்ணாடியைக் கழற்றினார்கள். "நான் தாங்க மாட்டேன்னு உங்கிட்ட ஆரு சொன்னது?" என்று கேட்டார்கள். என்னைக் கேட்கவில்லை, உன்னைக் கேட்டார்கள். பிறகு, "நாளைக்கு எனக்க ரத்தத்தையும் எடுக்கணும். கூட வாறியா?" என்றார்கள்.

எடுத்தோம். இருக்கிறது. மருந்து இப்போது வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மாமி கேட்டுக்கொண்டு, "எனக்க அம்மை எனக்குத் தந்ததாட்டு இருக்கும். அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிஞ்சவியதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள். அழுதார்கள், உடையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் திருப்புறத்துக்குப் போனோம். அன்றைக்கு நெஞ்சில் அடித்த அதே ரோட்டில் நின்று, நாலு பேர் கேட்கும்படி, "வேதமாணிக்கம், உனக்க மேல நான் சொன்னதில பாதி பொய்யாக்கும். எனக்க மகன் உங்கிட்ட உள்ளதைச் சொல்லல்ல" என்றார்கள். மாமா வெளியே வந்து, "மீதிப் பாதி உள்ளதுதான் சுகிர்தபாய். உள்ள வா" என்றார். கட்டன்சாயா குடித்துவிட்டு வந்தோம்.

மாமி என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்றுதான் நானும் இருந்தேன். அங்கன்வாடியை விட்டு நின்ற ரெண்டு பிள்ளைகளின் வீட்டுக்கும் அவர்களே நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். திங்கட்கிழமை ரெண்டு பேரும் வந்தார்கள்.

இனி மாத்திரை அனுப்ப வேண்டாம். நேற்று உன் அண்ணனையே பாறசாலை ஜங்ஷன் கடைக்கு அனுப்பினேன். டாக்டர் சீட்டைக் காட்டி, பெயரைச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தார். டப்பா சமையலறை அலமாரியில், கம்பெனித் தாள் வெளியே தெரியும்படி, உப்புப் பரணிக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் மாமி அதைக் கையில் எடுத்துக்கொண்டு, "தின்னியாலே?" என்று அவரைக் கேட்கிறார்கள். நீ அனுப்பிய மூன்றையும் சாந்தா சேச்சியிடமே திருப்பித் தருகிறேன். நிஜத் தாள் ஒட்டி, தேவைப்படுகிற யாருக்காவது டாக்டர் வழியாகக் கொடு.

டாக்டரிடம் ஒன்று கேட்டேன். நீ போட்ட அந்த ஊசி எத்தனை நாளைக்குக் காக்கும் என்று. அநேகமாக ஆயுசு முழுக்க என்றார். நீ என்னைக் காப்பாற்றியிருக்கிறாய். உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். பல தடவை எழுதிப் பார்த்தேன், வரவில்லை. யாரைத் தொட்டாலும் முதலில் பெயரைக் கேட்டு, என்ன ஊசி என்று சொல்லிவிட்டுத்தானே போடுவாய், வார்டில் முகம் தெரியாத ஆட்களுக்குக்கூட? எனக்கு மட்டும் சர்பத் வாங்கிக் கொடுத்தாய்.

கிறிஸ்மஸுக்கு வா. இது உன் வீடு, உன் அம்மா இருக்கிறார்கள். சோறு போடுவேன், பேசுவேன். கடிதம் இனி வேண்டாம். இதற்குப் பதிலும் எழுத வேண்டாம். எழுத உட்காருகிற அந்த நேரத்தில், ஞாயிற்றுக்கிழமை பார்த்து, அஜேஷின் பக்கத்தில் போய் உட்கார்.

அவருக்கு என்ன ஊசி என்று சொல்லிப் போட்டாய், ரேஷ்மி?

இப்படிக்கு,
உன் அண்ணன் மனைவி
நந்தனா